பிரெஞ்சுக் கார்களின் புதிய விநியோகஸ்தருக்கு, பீடோங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

மலேசியாவின் வட மாநிலங்களில் பிரெஞ்சுக் கார்களின் விற்பனையும் சர்வீசும் உங்கள் கைக்கு மாறியிருக்கின்றன. வாழ்த்துகள். உங்கள் விளம்பரத்தைப் பார்த்தோம். புதிய மாடல் இருக்கிறது, குறைந்த முன்பணம் இருக்கிறது, சிரித்துக்கொண்டே காரில் ஏறும் குடும்பம் இருக்கிறது. ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் கார்களைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பீடோங், கெடாவில் ஒரு தோட்டத்துப் பட்டணம். முன்பு சுற்றிலும் கித்தா (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயன் வீடுகளை விட்டு வெளியே வந்த குடும்பங்கள்தான் இங்கே உள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பாதி. இந்த ஊரில் புத்தம் புதிய பிரெஞ்சுக் கார் வாங்குகிறவர் அபூர்வம். ஆனால் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் போய்ப் பாருங்கள். உள்ளூர்க் கார்களான மைவிக்கும் சாகாவுக்கும் நடுவில் ஒரு பெஜோ 408 நிற்கும், ஒரு 508 நிற்கும், ஓரமாக ஒரு 3008கூட நிற்கும். விலை விழுந்ததால் இங்கே வந்து சேர்ந்தவை அவை. கோலாலம்பூரில் யாரோ ஒரு மேலாளர் புதிதாக வாங்கி, வாரண்டி முடிகிற நேரம் பார்த்துத் தள்ளிவிட்ட கார், இரண்டு கை மாறி, புதிய மைவியைவிடக் குறைந்த விலைக்கு எங்கள் ஊர்ப் பையன் கைக்கு வருகிறது. தோல் இருக்கை, நெடுஞ்சாலையில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும் ஓட்டம். யாருக்குத்தான் ஆசை வராது?

நீங்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். மூன்றாவது உரிமையாளரை உங்கள் வாடிக்கையாளர் என்று நீங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தக் காரின் பெயரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அவர்தான். அவருக்கு ஓர் உதிரி சாமான் கிடைக்க மாதக்கணக்கில் ஆனால், விஷயம் ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) தொடங்கி பழைய கார் வியாபாரி காதுவரை போகும். வியாபாரி விலையைக் குறைப்பார். அப்புறம் கோலாலம்பூர் மேலாளர், "இதை வாங்கினால் திருப்பி விற்க முடியாது" என்று ஜப்பான் கார் பக்கம் திரும்புவார். உங்கள் காட்சியறை காலியாக இருப்பதற்குக் காரணம் தேடி நீங்கள் ஆய்வு நடத்த வேண்டியதில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. இந்தக் கார்களில் பல, இங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாத குரூணில் பொருத்தப்பட்டவை. மலேசியாவின் நாசா (Naza) நிறுவனம் அங்கே கார் ஆலை வைத்திருந்தது. 2018இல், பெஜோவும் சித்ரோனும் செய்த பிரான்சின் பிஎஸ்ஏ குழுமம் அந்த ஆலையில் 56 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2021இல் பிஎஸ்ஏவே ஃபியட் கிரைஸ்லரோடு இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனது. ஆலை கைமாறியது, விநியோகம் கைமாறியது, பெயர்ப்பலகைகளும் மாறின. இன்ஜினும் கியர் பெட்டியும் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இங்கே பூட்டப்படுகின்றன என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் குரூணில் பூட்டிய காருக்கு பீடோங்கில் சாமான் இல்லை என்றால் எந்த மனுஷன் ஒப்புக்கொள்வான்?

பிரெஞ்சுக் கார் எங்களுக்குப் புதிதல்ல. 1996இல் வந்த நம் நாட்டுப் புரோட்டோன் தியாரா, உண்மையில் பிரான்சின் சித்ரோன் ஏஎக்ஸ். புரோட்டோன் வாஜா 1.8இல் இருந்தது பிரான்சின் ரெனோ இன்ஜின். முதலில் வந்த வாஜா 1.6க்கு, அது மிட்சுபிஷி இன்ஜின் என்பதால், எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் சாமான் கிடைத்தது. 1.8 வைத்திருந்தவர்கள் அலைந்தார்கள். ஒரே கார், ஒரே உடம்பு, இன்ஜின் மட்டும் வேறு. "பிரெஞ்சுக் கார் தாங்காது" என்ற பேச்சு பாதி அந்த அலைச்சலில் பிறந்தது என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி நிஜமான கோளாறுகள். அவற்றை மூடி மறைப்பதில் லாபமில்லை. பழைய 206, 307 கார்களில் இருந்த ஏஎல்4 என்ற நான்கு கியர் ஆட்டோ பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்ஏவும் ரெனோவும் சேர்ந்து செய்தது. எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலனாய்டு வால்வுகள் தேய்ந்தால் பெட்டி மூன்றாவது கியரில் மாட்டிக்கொள்ளும். அப்போது மீட்டரில் வெண்பனிச் சின்னமும் ஸ்போர்ட் விளக்கும் மாறி மாறி மின்னும். கெடா வெயிலில், வயல் ஓரத்தில், பனி விளக்கு! வால்வை மாற்றி எண்ணெயையும் மாற்றினால் பல கார்கள் சரியாகிவிடுகின்றன. ஆனால் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்லிப் பயமுறுத்தி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்!

பிஎஸ்ஏ, பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கிய 1.6 டர்போ இன்ஜினின் கதையும் இப்படித்தான். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் உள்வாங்கும் வால்வுகள் கழுவப்படாமல் கரி படியும். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் சங்கிலியை இறுக்கும் பாகம் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் கேட்கும். சத்தத்தைக் கேட்டவுடன் பார்த்தால் செலவோடு போகும், விட்டால் இன்ஜினே போகும். இதே இன்ஜின் குடும்பம் மினி கார்களிலும் ஓடியது. அங்கேயும் இதே தொல்லைகள் இருந்தன, ஆனால் அங்கே யாரும் மினியை "தாங்காத கார்" என்று ஒதுக்கவில்லை.

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். 1.2 பியூர்டெக் இன்ஜின். இதில் சங்கிலிக்குப் பதிலாக உள்ள டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. தவறான கருப்பெண்ணெய் (இன்ஜின் எண்ணெய்) ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட் உரிந்து துகள்கள் எண்ணெய் பம்பின் வடிகட்டியை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழும். ஐரோப்பாவில் இதற்காக ஸ்டெல்லாண்டிஸ் 2024இல் 10 வருடம் அல்லது 175,000 கிலோமீட்டர் வரை பொறுப்பேற்பதாக அறிவித்தது. இங்கே இதே இன்ஜினோடு 208உம் 2008உம் ஓடுகின்றன. வெயிலும் நெரிசலும் எங்களுக்குத்தான் அதிகம். எங்கள் பெல்ட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? எந்தக் கிலோமீட்டரில் அளந்து பார்க்க வேண்டும், எந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பதையாவது மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். கோளாறு இருப்பது தெரிந்தால் ஆள் ஓடிவிடுவார் என்று உங்கள் விற்பனைப் பிரிவு பயப்படலாம். தெரியாமல் போய் நடுவழியில் நின்றவர்தான் உண்மையில் ஓடுகிறார்.

என் சொந்த அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்தது. அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூடு பிளந்திருந்தது. பெயர் வேண்டாம், பழைய நிர்வாகத்தின் கீழ் இருந்த ஒரு சர்வீஸ் சென்டரில் "ஆர்டர் போட்டிருக்கிறோம்" என்றார்கள். ரொம்ப நாள் கழித்து விசாரித்தால், கம்பெனி மாறிவிட்டதால் பழைய ஆர்டர் செல்லாது என்றார்கள். நான் கட்டிய முன்பணம் எங்கே போனது என்று கேட்டதற்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். அதை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து ஊரான சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனப் பட்டறைக்காரர், மடிக்கணினியில் காரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் லெக்ஸியா மென்பொருளை வைத்துக்கொண்டு, வேறு வழியில் சாமான் வரவழைத்து மாட்டிக் கொடுத்தார். கார் இன்றும் ஓடுகிறது. இந்த ஊரில் பிரெஞ்சுக் கார்களைத் தூக்கி நிறுத்தியிருப்பவர்கள் அவரைப் போன்றவர்கள்தான். அவர்களைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள். அசல் சாமானை அவர்களுக்கும் நியாய விலையில் விற்றால், நீங்கள் பீடோங்கில் பட்டறை கட்டாமலே உங்களுக்கு இங்கே பட்டறை கிடைக்கும்.

கேட்பது இனாம் அல்ல. வாரண்டி முடிந்த காருக்குக் காசு கொடுக்கத் தயார்தான். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், இக்னிஷன் காயில், பெல்ட், சொலனாய்டு என்று அடிக்கடி போகிற சாமான்களை பட்டர்வொர்த்திலோ சுங்கைப் பட்டாணியிலோ இருப்பு வையுங்கள். ஒவ்வொன்றின் விலையையும் கூலியையும் வெளிப்படையாக அறிவியுங்கள். பழைய நிர்வாகத்திடம் கட்டிய முன்பணத்துக்கும், மிச்சமிருக்கும் வாரண்டிக்கும் பொறுப்பு யார் என்று எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழி வேண்டாம், அது நிறைய கேட்டாகிவிட்டது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுது பார்க்கும் வசதியும் உதிரி பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை உற்பத்தியாளர்மேலும் விற்பவர்மேலும் வைக்கிறது. உற்பத்தியாளருக்கு இங்கே அலுவலகம் இல்லாவிட்டால், இறக்குமதி செய்பவரும் விநியோகிப்பவரும் அந்த இடத்தில் நிற்க வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் இப்போது பிள்ளைகள் படித்துவிட்டார்கள், மனுப் பாரத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த முறை புதிய மாடலோடு வடக்கே வரும்போது விற்பனையாளர்களோடு சாமான் பிரிவு மேலாளரையும் அழைத்து வாருங்கள். விலைப்பட்டியலையும் இருப்புப் பட்டியலையும் அவர் கொண்டு வரட்டும். பழைய கார்களோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
பிரெஞ்சுக் கார் வைத்திருக்கும் ஒரு பீடோங்வாசி