கன்று வாங்குமுன் பூக்கும் மாதத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகத்திலேயே விலை கூடிய மாம்பழத்தை வீட்டு வளவில் வளர்க்கலாம் என்று சென்ற ஞாயிறு உங்கள் விவசாயப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் நல்ல சிவப்பு. அந்த வாரமே மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு பட்டா, அதுதான் சின்ன லொறி, ஒலிபெருக்கியோடு வந்து நின்றது. கறுப்புப் பைகளில் முழங்கால் உயரக் கன்றுகள், ஒவ்வொன்றிலும் அதே சிவப்புப் பழத்தின் படம். மியாசாகியாம். ஒரு கன்று மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பக்கத்து வளவுப் பிள்ளை, கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் இரண்டு வாங்கினாள். நான் வேலியடியில் நின்று, “மனே, இது எந்த மாசம் பூக்கும்?” என்று விற்கிற பொடியனிடம் கேட்டேன். “வருசம் முழுக்கக் காய்க்கும் ரீச்சர்” என்றான்.

வேலை பார்த்த காலமெல்லாம் புவியியல் படிப்பித்தவள் நான். இப்படி யாராவது சொன்னால், அந்த மரத்தின் ஊர் எது, அங்கே மழை எப்போது, குளிர் எப்போது என்று கேட்கத்தான் வாய் உன்னும். உங்கள் கட்டுரையிலும் அந்த விபரம் ஒன்றும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மியாசாகி என்று ஒரு மா இனம் கிடையாது. அது ஜப்பானின் தெற்கே கியூஷு தீவிலுள்ள ஒரு மாகாணம். அங்கே வளர்க்கும் இனத்தின் பெயர் ஏர்வின். அது ஜப்பானில் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், மியாமியில், 1939 இல் ஊன்றிய ஒரு கொட்டையிலிருந்து வந்தது. அந்த மாகாணத்து ஏர்வின் பழங்களில் 350 கிராமுக்குக் குறையாமல், சீனி அளவு பிறிக்ஸ் 15 இற்குக் குறையாமல், தோல் நன்றாகச் சிவந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து ‘சூரியனின் முட்டை’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். 2019 இல் ஓர் ஏலத்தில் அப்படி இரண்டு பழம் 5 இலட்சம் யென்னுக்குப் போனது. எல்லாரும் எழுதுவது அந்த விலையைத்தான். பருவத்தின் முதல் ஏலத்தில் கடைக்காரர்கள் பெயருக்காகக் கொடுக்கும் காசு அது. நம் ஊரில் திருவிழா ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போவதை வைத்து யாரும் தென்னந்தோப்புக்குக் கணக்குப் போடுவதில்லையே.

சரி, அந்த மரங்கள் அங்கே எப்படி நிற்கின்றன? கூரை போட்ட கூடாரங்களுக்குள். குளிர்காலத்தில் உள்ளே சூடாக்குகிறார்கள். பூவின் மேல் மழை விழுவதில்லை. காயில் வெயில் படும்படி இலைகளை விலக்கி விடுகிறார்கள். அந்தச் சிவப்பில் பாதி அந்த வேலையால் வருவது. பிறகு ஒவ்வொரு காய்க்கும் ஒரு வலைப்பை கட்டி, பழுத்துத் தானாகவே பைக்குள் விழும்வரை விட்டுவிடுகிறார்கள். ஆளும் கூடாரமும் ஜப்பானில் நிற்க, கன்று மட்டும் பட்டாவில் ஏறி ஆரையம்பதி மணலுக்கு வந்திருக்கிறது.

மாமரம் எங்கே வைத்தாலும் வளரும், இலை விடும். பூப்பதுதான் சிக்கல். குளிர் நாட்டு ஓரங்களில் பழகிய இனங்களுக்கு இரவுக் குளிர்தான் பூ எழுப்பும் மணி. மியாமியில் ஜனவரி இரவு 15, 16 பாகைக்கு இறங்கும். மட்டக்களப்பில் தை மாதக் கூதல் என்று நாங்கள் போர்த்துக்கொண்டு படுக்கிற இரவுகூட 23 பாகை அளவில்தான் நிற்கும். எங்களைப் போன்ற வெப்ப நாட்டில் மாவைப் பூக்க வைப்பது முற்றிய கிளையும் மழை விட்ட வறட்சியும். கிளை முற்றுமுன் மழை பெய்தால் மரம் பூவை மறந்து தளிர் தள்ளும். மழைக்குள் பூத்தாலோ அதைவிட மோசம்.

அந்த மோசத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் மழை பிந்திய வருடத்தில் என் வளவுக்கு வரலாம். முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மா நிற்கிறது. பூங்கொத்தின் செந்நிறக் காம்பில் முதலில் மிளகளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அடுத்த தூறலோடு அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து காம்பைச் சுற்றிவிடும். அதற்கு மேலே உள்ள பூவெல்லாம் கருகி, விரலால் தொட்டால் மூக்குப்பொடி போல உதிரும். கடுகளவு பிஞ்சு பிடித்திருந்தால் அதுவும் கறுத்து விழும். அந்திரக்னோஸ் என்கிற பூஞ்சண நோய். ஈரம் இருக்கும்வரை அதை முழுக்கத் தடுப்பது பாடு.

கறுத்தக்கொழும்பானைக் குறை சொல்கிறேன் என்று யாழ்ப்பாணத்து வாசகர்கள் கோபிக்க வேண்டாம். அது தன் ஊரில் ராசா. அங்கே மாரியின் உச்சம் நவம்பர். தை பிறந்தால் வானம் வெளித்துவிடும். செம்பாட்டு மண், அடியில் சுண்ணக்கல், பூக்கும் நேரத்தில் வெயில். எங்களுக்கோ டிசம்பர்தான் உச்சம், ஜனவரியும் சும்மா விடாது, சில வருடம் மாசியிலும் வாய்க்கால் நிரம்பும். ஒரே தீவு, ஒரே வாடைக்காற்று மழை, ஒரு மாதம்தான் முன்பின். அந்த ஒரு மாதத்துக்குள்தான் பூ இருக்கிறது. மழை நேரத்தோடு விட்ட வருடத்தில் என் மரம் கிளை தாழக் காய்க்கிறது. பிந்திய வருடத்தில் ஊறுகாய்க்கும் தேறாது. விலாட் என்ற இனம் அவ்வளவு அடம் பிடிப்பதில்லை என்பது என் அனுபவம். ரீ.ஜே.சி. என்ற இனம் பெரிய பழம், அரைக் கிலோவைத் தாண்டும், நார் இல்லை, விலையும் உண்டு. தண்ணீர் பாய்ச்சி, கிளை வெட்டி, காய்க்கு உறை போடுகிறவர்களுக்கு அது சரி. சும்மா வைத்துவிட்டு மழையை நம்பியிருந்தால், வைகாசி ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது அந்தப் பாரமான காய்கள் மணலில் கிடக்கும்.

பிற ஊர் இனமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பயிர் ஊர் விட்டு ஊர் போகாவிட்டால் நமக்கு மிளகாயும் இல்லை, மரவள்ளியும் இல்லை. ஆனால் மா எப்படிப் பயணம் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். மியாசாகியின் பரம்பரையையே எடுங்கள். 1889 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளை வரவழைத்தது. முல்கோபா என்று பதிந்தார்கள். தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்த மல்கோவாவின் பெயர்தான். 1894, 95 பனிக்காலத்தில் புளோரிடாவில் விழுந்த உறைபனி அவற்றைக் கொன்றுபோட்டது. ஒன்று மட்டும் தப்பியது. தப்பிய மரத்தின் பழத்தைச் சாப்பிட்டவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் அது ஒழுங்காகக் காய்க்கவில்லை, பூஞ்சணத்துக்கும் தாங்கவில்லை. அந்த மண்ணில் அது கடைசிவரை விருந்தாளிதான்.

ஹேடன் என்ற ஓர் ஓய்வுபெற்ற கப்டன் அந்த மரத்தின் கொட்டைகளை 1902 இல் தன் வளவில் ஊன்றினார். அடுத்த வருடமே அவர் காலமாகிவிட்டார். மனைவி கன்றுகளைப் பார்த்துக்கொண்டார். 1910 இல் ஒன்று காய்த்தது. சிவப்புத் தோல், நல்ல விளைச்சல். அதுதான் ஹேடன் மா. இன்று உலகச் சந்தையில் ஓடுகிற சிவப்பு மாம்பழங்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஏர்வினும் அந்த வழிதான். அதாவது, இந்தியாவிலிருந்து போன மரம் அங்கே சரிவரவில்லை. அங்கேயே முளைத்து, அந்த மழைக்கும் வெயிலுக்கும் தப்பி நின்ற அதன் கொட்டைக்கன்றுதான் சரிவந்தது.

இந்தியாவுக்குள்ளும் இதே கதை உண்டு. வடக்கே லக்னோவில் தேனாக இருக்கும் தசேரி தெற்கே வந்தால் முகம் சுளிக்கும். சொந்த ஊரிலேயே ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும். அதனால் டில்லி ஆராய்ச்சி நிலையத்தில் வருடந்தோறும் காய்க்கும் தெற்கத்தி நீலம் மாவோடு அதைக் கலந்து மல்லிகா, அம்ரபாலி என்ற இனங்களை உருவாக்கி 1970களில் வெளியிட்டார்கள். அல்போன்சாவை எங்கெங்கோ நட்டார்கள். கொங்கண் கரை வாசம் வரவில்லை. 2018 இல் இரத்தினகிரி உட்பட அந்தக் கரையோர மாவட்டங்களின் பெயரில் புவிசார் குறியீடு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இனி எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியை என் வயதுக்காரர் மறக்க முடியாது. தென்னைகள் தலையற்றுக் கிடந்தன. பாட்டன் காலத்து மாமரங்கள் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு ஒட்டுக்கன்று வாங்க யாரிடமும் காசு இருக்கவில்லை. கிடைத்த கொட்டையை எல்லாம் ஊன்றினார்கள், ஊன்றாததும் முளைத்தது. அந்த மரங்களுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வரம்புகளிலும் குளக்கட்டுகளிலும் கோயில் வீதிகளிலும் பெயரில்லாமல் நிற்கின்றன. கொட்டைக்கன்று தாயைப் போல வராது என்பது தெரிந்ததே. பெரும்பாலும் நாரும் புளிப்பும்தான். ஆனால் தவறிப் பிறந்த நல்லதுகளும் அவற்றுக்குள் உண்டு. அவற்றை யாரும் தேடிப் போனதாக நான் அறியவில்லை.

ஒன்றை எனக்குத் தெரியும். கொக்கட்டிச்சோலைப் பக்கம், என் கணவரின் ஊரில், ஒரு குளத்தடியில் நிற்கிறது. ஊரில் ‘குளத்தடி மாங்காய்’ என்றால் சின்னப் பிள்ளையும் காட்டும். எங்கள் ஒட்டு மரங்கள் பூத்துக் கருகிக்கொண்டிருக்கும்போது இது சும்மா நிற்கும். மழை முழுக்க விட்டு, வயலில் பெரும்போக வெட்டு நடக்கிற நேரம்தான் பூக்கும். காய் கைக்குள் அடங்கும், நுனியில் கிளிமூக்கு, தோல் தடிப்பு. காம்பை ஒடித்தால் பால் பீறிட்டு அடிக்கும். பறிக்கிற பிள்ளைகளின் வாயோரம் புண்ணாகிக் கிடக்கும், ஆனாலும் விடமாட்டார்கள். பச்சையில் உப்பும் கொச்சிக்காய்த்தூளும் தொட்டால் பல் கூசும். பழுத்தால் வெளியே பச்சையோடு ஒரு மஞ்சள் சாயல் அவ்வளவுதான், படத்துக்கு உதவாது. உள்ளே கடும் செம்மஞ்சள், கொட்டையோரத்தில் மட்டும் கொஞ்சம் நார். தயிரோடும் சோற்றோடும் பிசைந்தால் வேறு கறி வேண்டாம். கச்சான் நாளில் மரத்தடியில் விழுந்து கிடப்பது குறைவு, காம்பு அவ்வளவு உறுதி. மருந்து தெளித்து நான் பார்த்ததில்லை.

இதை உலகச் சந்தைக்கு அனுப்பலாம் என்று நான் புளுகவில்லை. ஆனால் இந்தக் கரையின் மழைக்கணக்கைத் தானாகவே படித்த ஒரு மரம் இது. இதைப் போல மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் நிற்கக்கூடும். கரடியனாற்றில் விவசாயத் திணைக்களத்தாருக்கு நிலம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு விவசாய பீடம் இருக்கிறது. மாணவர்களை ஒரு மாம்பழப் பருவத்துக்கு ஊர்களுக்கு அனுப்பி, எந்த மரம் எப்போது பூக்கிறது, எது வருடந்தோறும் காய்க்கிறது என்று கிழவிகளிடம் கேட்டு எழுதிவரச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. நல்லதில் ஒட்டுக்கிளை எடுத்து, மணலில் ஒன்று, படுவான்கரைக் களியில் ஒன்று, அம்பாறை மேட்டில் ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

கன்று விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து கன்றோ கிளையோ கொண்டுவர 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நடுகைப் பொருளின் தரத்துக்கு 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. ஒழுங்கைக்குள் பட்டாவில் வருகிற கன்றின் கழுத்தில் பழத்தின் படத்துக்குப் பதிலாக இனத்தின் உண்மைப் பெயர், தாய்மரம் நிற்கும் ஊர், அது அங்கே பூக்கும் மாதம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் போதும். உங்கள் விவசாயப் பக்கமும் இனி ஒரு கன்றைப் புகழுமுன் அந்த மூன்றையும் கேட்டுப் போட்டால் நல்லது. பக்கத்து வளவுப் பிள்ளையிடம், மாரிக்கு முன் அந்த இரண்டு கன்றுக்கும் மேலே ஒரு கூரை போடச் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறாள்.

ஓர் அவசரம் இருக்கிறது. குளக்கட்டு வீதியை அகலிக்க அளந்துபோயிருக்கிறார்கள். அந்தக் குளத்தடி மரத்தின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறது. வீதி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்கு அந்த ஊருக்கு அம்புலன்ஸ் போகாது. வெட்டுமுன் ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரைத் திணைக்களம் அனுப்பினால் போதும். கிளைகள் இப்போது முற்றி, மொட்டு ஊதி, ஒட்டுக்குப் பதமாக நிற்கின்றன. ஈரச் சாக்கும் கத்தியும் கொண்டுவந்தால் மீதியை ஊர்ப் பொடியன்கள் ஏறிப் பறித்துக் கொடுப்பார்கள். வழி காட்ட நான் வருகிறேன். என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
ஆரையம்பதி.