கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு பற்றிய பயணக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால், ‘கேம்பர்வேன் (படுக்கை, கழிப்பறையோடு வரும் வாடகை வண்டி) எடுத்துவிட்டால் பிடித்த இடத்தில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருப்பதை நம்பிக் கிளம்பினால், நடுராத்திரியில் கதவைத் தட்டி எழுப்புவார்கள். அபராதமும் கட்ட நேரும். டார்க்கீ முதல் ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கி.மீ. நீளும் இந்தச் சாலையில், கடலோர பார்க்கிங்குகளில் பொதுவாக இரவு தங்க அனுமதி கிடையாது. லார்ன், அப்போலோ பே, போர்ட் கேம்பெல் போன்ற ஊர்களின் கேரவன் பார்க்குகளில், அதாவது இத்தகைய வண்டிகள் தங்கும் முகாம்களில், கட்டணம் கட்டித்தான் தங்க வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முடியவும் ஈஸ்டர் சமயத்திலும், பல மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம்.

மின் இணைப்புள்ள இடமாகக் கேளுங்கள். வண்டியோடு தரும் 15 ஆம்பியர் கேபிளின் எர்த் பின் அகலமானது. வீடுகளில் உள்ள 10 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. அராவி நுழைக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையே வேண்டாம். கேபிளைச் சுருளாகவே போட்டுவிட்டு ஹீட்டரை ஓடவிட்டால், சூடு வெளியேற வழியின்றி மேலுறை உருகும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் தங்கினால், வண்டிக்குள் இருக்கும் 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம். ஃபிரிட்ஜ் ஓடும்போது நான்கைந்து ஆம்பியர் இழுக்கும். ஓரிரவு தாங்கும், மறுநாள் அரை மணி நேரம் மட்டும் வண்டி ஓட்டிச் சார்ஜ் செய்தால் இரண்டாம் இரவு தாங்காது.

கட்டுரை தொடாத விஷயம் கழிப்பறை. இருக்கைக்குக் கீழே இருக்கும் கேசட் தொட்டி, அதாவது கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி, பெரும்பாலும் 20 லிட்டருக்குள்தான் கொள்ளும். தொட்டி நிறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள், வளைவில் தளும்பும். கழிவு கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் பாயிண்டில் மட்டுமே கொட்ட வேண்டும். ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சீராக இறங்கும். மறந்தால் ‘குளுக்’ என்று எகிறி செருப்பு வரை தெறிக்கும். அலசிய பிறகு இரண்டு லிட்டர் தண்ணீரும் அதற்கான ரசாயனமும் விட்டு மூடுங்கள். தடித்த டிஷ்யூ போட்டால் அடைத்துக்கொள்ளும்.

போகும் திசையும் முக்கியம். ஆஸ்திரேலியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். டார்க்கீயிலிருந்து மேற்கே போனால் கடல் இடப்பக்கம் வரும். எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் காட்சி முனைகளுக்குள் திரும்பலாம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கோடாலியும் கொண்டு வெட்டிய சாலை இது. லார்னுக்கு அப்பால் பாறையோரமாக நெளிந்து நெளிந்துதான் போகும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி வழிவிடுங்கள். அப்போலோ பே தாண்டியதும் சாலை ஆட்வே காட்டுக்குள் ஏறிவிடும். வெகுதூரம் கடலே தெரியாது. அங்கே இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறையும், கியரைக் குறைத்து இறங்குங்கள். அந்திக்கு மேல் கங்காருவும் அதன் சிறிய இனமான வாலபியும் திடீரென்று குறுக்கே வரும். அதனால் இருட்டுமுன் ஊர் சேர்ந்துவிட வேண்டும். மெல்போர்னிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை டூரிஸ்ட் பஸ்காரர்களிடம் விட்டுவிடுங்கள். குறைந்தது இரண்டு இரவு வேண்டும். திரும்பும்போது கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் வந்தால் நேரம் மிச்சம்.

போர்ட் கேம்பெல் அருகே கடலில் நிற்கும் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ என்பது பெயர் மட்டும்தான், பாறைத் தூண்கள் அத்தனை இல்லை. 2005 ஜூலையில்கூட ஒன்று சரிந்து விழுந்தது. அங்குள்ள கடலோரப் பாறை விளிம்புகளில் காற்று பலமாக இருக்கும். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள். காற்று பிடுங்கினால் கீல் வளைந்துவிடும். வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தலை விரித்தபடி தூங்கப் போகாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியவை: மேற்கூரைக்கும் அடிப்பகுதிக்கும் காப்பீடு உண்டா, தார் போடாத சாலையில் போகலாமா. பல ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் பதில் ‘இல்லை’தான். வண்டியின் உயரத்தை ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கூரை அடிபடுவது பெரும்பாலும் மலையில் அல்ல, சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில்தான்.

— ஒரு வாசகர், ஜீலாங், ஆஸ்திரேலியா