சுரைக்காயில் ஆரம்பி

அன்புள்ள கண்ணா,

டாக்டர் காரத்தையும் வெளிச்சாப்பாட்டையும் நிறுத்தச் சொன்னதிலிருந்து இட்லியும் ரசம் சாதமுமாகவே ஓட்டுகிறாய் என்று நீ போனில் சொன்னதும் எனக்கு மனசே ஆறவில்லை. காய் இல்லாமல் எத்தனை நாள் தள்ளுவாய்? நொந்த வயிறும் காயை ஏற்றுக்கொள்ளும். பார்த்து வாங்கி, குழைய வேகவைத்தால் போதும்.

சுரைக்காயில் ஆரம்பி. நகத்தால் கீறினால் சட்டென்று இறங்க வேண்டும், அதுதான் பிஞ்சு. தோலைச் சீவு. விதை முற்றியிருந்தால் நடுவில் இருக்கும் பஞ்சோடு வழித்துப் போடு. நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கிப் போடு. அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது. காசு கொடுத்து வாங்கினோமே என்று மட்டும் பார்க்காதே.

கூட்டுக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மஞ்சள்தூள் போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவிடு. பொங்கி வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடு. கடலைப்பருப்பு இப்போதைக்கு வேண்டாம், வாயு. பருப்பு முக்கால் பதம் வெந்ததும் காயைப் போட்டு மூடி, சின்னத் தீயில் வை. சுரைக்காய் தானே தண்ணீர் விடும், நீ நிறைய ஊற்றாதே. கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும், அதற்கு முன்னால் இறக்காதே. அப்புறம் உப்பு, இரண்டு ஸ்பூன் தேங்காயும் அரை ஸ்பூன் சீரகமும் நைசாக அரைத்த விழுது, ஒரே ஒரு கொதி. தாளிக்க அரை ஸ்பூன் நெய்யும் கறிவேப்பிலையும் போதும். பச்சைமிளகாய் கிடையாது.

வெங்காயம், பூண்டையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. அவற்றில் இருக்கும் ஃப்ரக்டான் என்கிற ஒருவகை நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகிறது. உன்னைப் போல வயிறு உள்ளவர்களுக்கு அதில்தான் உப்புசம் வருகிறது. பூண்டு மணம் இல்லாமல் உனக்கு இறங்காது, தெரியும். முழுப் பல்லை நெய்யில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு அந்த நெய்யில் தாளி. அந்தச் சத்து தண்ணீரில்தான் கரையும், நெய்யில் இறங்காது. கூட்டுக்குள் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்தால் பலனில்லை.

பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ எல்லாம் இதே முறைதான். கேரட்டை மெல்லிய வட்டமாக நறுக்கி ஆவியில் வேகவைத்து, நெய் தடவிச் சாப்பிடு. முட்டைகோஸ், காலிஃபிளவர், கொத்தவரங்காய் பக்கம் இப்போது போகாதே. புதுக் காய் எதுவானாலும் முதலில் நான்கு ஸ்பூன் சாப்பிட்டுப் பார். மறுநாள் வயிறு சும்மா இருந்தால் அளவைக் கூட்டிக்கொள்.

எடை இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ கூட்டை நம்பி உட்கார்ந்திருக்காதே. அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

குக்கர் கேஸ்கட் போய்விட்டது என்றாயே, அது வரட்டும் என்று காத்திருக்காதே. இதற்கு ஒரு மூடி போட்ட பாத்திரம் போதும். இன்றைக்கே ஒரு பிஞ்சு சுரைக்காய் வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா