சால்னா ஒரு ஆளுக்கு வராது

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமா இருக்கணும்னு இருக்கன்குடி ஆத்தாகிட்ட தினம் வேண்டிக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தே. "அப்பா, கடை சால்னா ஒரு ஆளுக்கு வைக்க அளவு சொல்லுங்க." நான் உடனே பதில் போடலை. வாயால சொன்னா ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுருவே, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதான் பேப்பரில் எழுதி மசாலாப் பொட்டலத்தோட வைக்கிறேன்.

முதல்லயே சொல்லிடுறேன். ஒரு ஆளுக்கு சால்னா வராது எய்யா. கொஞ்சூண்டு தேங்காயும் ரெண்டு கிள்ளு சோம்பும் போட்டா மிக்ஸியில் பிளேடு பிடிக்காது. சுத்திச் சுத்தி ஓரத்தில் அப்பிக்கிட்டு நிக்கும். தண்ணி ஊத்தினா மசியாம மிதக்கும். தேங்காய் மசியலைன்னா சால்னா திரிஞ்ச மாதிரி தண்ணி வேற, திப்பி வேறயா நிக்கும். கொதியும் அப்படித்தான். ஒரு தம்ளர் தண்ணி பத்து நிமிசத்தில் வத்திப்போகும், மசாலாவோட பச்சை வாடை போறதுக்குள்ள சட்டி அடிப்பிடிச்சிரும். அதனால நான் எழுதுற அளவு மூணு பேருக்கு. பாப்பாவுக்குக் காரம் ஆகாதுன்னா வத்தல் தூளில் அரை ஸ்பூன் குறைச்சுக்கோ.

போன மாசம் ஒரு போட்டோ அனுப்பி "கடை வாசமே வரலைப்பா"ன்னு எழுதியிருந்தே. அதைப் பெருசாக்கிப் பார்த்தேன். பாட்டில் இஞ்சி பூண்டு விழுது, டப்பாத் தேங்காய்ப்பால், பொரிச்ச வெங்காயம் பாக்கெட், ரெடிமேட் சால்னா மசாலா. ஒவ்வொண்ணும் ஒரு வேலையைத் தப்பிக்க வாங்கினது. வேலைக்குப் போற பிள்ளை, எல்லாத்தையும் அம்மியில் அரைன்னு சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கண்ணு முன்னாலேயே தேங்காயைத் துருவிக் கொடுக்கிறான், 2019-ல் பாப்பா பிறந்தப்ப நான் பார்த்தேனே. அதை வாங்கிப் பொட்டலம் பொட்டலமா ஃப்ரீசரில் போட்டுக்கோ. அது தப்பே இல்லை. தேங்காய்ப்பால் டப்பா வேண்டாம். சால்னாவுக்குப் பால் இல்லை, அரைச்ச தேங்காயோட கனம்தான் வேணும். பாட்டில் விழுதில் கெடாம இருக்கப் புளிப்பு சேர்க்கிறான், அது தக்காளிப் புளிப்போட சேர்ந்து நாக்கை இழுக்கும். இஞ்சி ஒரு பங்கு, பூண்டு ஒன்றரைப் பங்கு ஞாயித்துக்கிழமை அரைச்சு, ஐஸ் கட்டித் தட்டில் போட்டு வை. தினம் ஒரு கட்டி எடு. பொரிச்ச வெங்காயப் பாக்கெட்டில் பழைய எண்ணெய் சிக்கு வாடைதான் வரும், அதைக் குப்பையில் போடு.

மிளகாய்த்தூள் மட்டும் கண்ட இடத்தில் வாங்காதே.

மசாலா எல்லாம் வீட்டில் காயவச்சு அரைச்சது. வத்தல் நம்ம ஊர்ச் சம்பா வத்தல் ரெண்டு கிலோ, நிறத்துக்குப் பேடகி அரைக் கிலோ. அம்மா நாலு நாள் மொட்டை மாடியில் காயப்போட்டு காம்பு கிள்ளினா. இடுப்பு வலியோடதான். மில்லில் வரிசையில் நிக்காம, முன்னால ஒருத்தர் வத்தல் அரைக்கிற வரைக்கும் காத்திருந்து அவருக்குப் பின்னாடி கொடுத்தேன். இல்லைன்னா முன்னால அரைச்சவன் சரக்கு நம்ம தூளில் வந்திரும். மல்லித்தூள் தனியா இருக்கு. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வச்சுத் தேய்ச்சு மோந்து பாரு, மூணு மாசத்துக்கு அப்புறமும் அந்த வாசம் வந்தா வச்சுக்கோ, வரலைன்னா தூக்கிப் போடு, அப்பா அரைச்சு அனுப்பினதுன்னு சேர்த்து வைக்காதே. கசகசா வைக்கலை. அந்த நாட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது, போதைப்பொருள் சட்டத்தில் பிடிப்பாங்க. கொண்டு வர்ற உன் சேக்காளிகிட்டயும் ரெண்டு தடவை சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா முந்திரி ஆறு போட்டு அரை, ஒரு குறையும் தெரியாது.

அந்தத் தம்பி பொட்டலத்தை எந்த அட்ரஸில் கொடுக்கணும்னு கேட்டதுக்கு, வீட்டுக்கு வேண்டாம், எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில் நின்னு வாங்கிக்கிறேன்னு சொன்னியாம். சரி, உனக்கு எது தோதோ அப்படி.

போட்டோவில் இண்டக்ஷன் அடுப்பு இருந்துச்சு. முன்னால கேஸ்தானே இருந்தது. இண்டக்ஷனில் எண்ணெய் சட்டுனு காயும், அதனால முதல்ல குறைச்சு வை. கடலை எண்ணெய் ஒரு குழிக்கரண்டி. பட்டை சுண்டுவிரல் நீளம், கிராம்பு மூணு, ஏலக்காய் ரெண்டு, அன்னாசிப்பூ பாதி, பிரிஞ்சி இலை ஒண்ணு, கல்பாசி ஒரு நகத்தளவு. நகத்தளவுக்கு மேல போச்சுன்னா கசக்கும். சின்ன வெங்காயம் பதினஞ்சும் பெரிய வெங்காயம் ஒண்ணும் பொன்னிறத்துக்கு வதங்கட்டும், அதில் அவசரப்படாதே. கடையில் நாங்க சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குழைய விட்டுருவோம். நேரம் மிச்சம், வாசம் நட்டம். விழுதுக்கு அப்புறம் தக்காளி மூணு. தக்காளி கரைஞ்சதும் அடுப்பைக் குறைச்சிட்டு மஞ்சள், வத்தல் தூள் ஒன்றரை ஸ்பூன், மல்லித்தூள் மூணு ஸ்பூன். தூள் கருகினா அந்தச் சட்டியைக் கழுவிட்டு முதல்லருந்து ஆரம்பி, மேல தண்ணி ஊத்தி சமாளிக்கலாம்னு நினைக்காதே. எலும்போட கோழி கால் கிலோ போட்டுப் பிரட்டி, நாலு தம்ளர் தண்ணி. கறி வெந்தப்புறம், அரை மூடித் தேங்காய், சோம்பு, பொட்டுக்கடலை, முந்திரி அரைச்சதை ஊத்து. அதுக்கு மேல இருபது நிமிசமாவது கொதிக்கணும். எண்ணெய் மேல மிதந்து வரும். அந்த எண்ணெயோட நிறம் வத்தலிலிருந்து மட்டும்தான் வரணும். அதான் சொல்றேன், மிளகாய்த்தூள் வெளியில் வாங்காதே. தீர்ந்துபோனா சொல்லு, அனுப்புறேன். சிவப்பா இருக்குன்னு பார்த்து மட்டும் வாங்காதே.

இங்கே சேதி நிறைய இருக்கு. அக்கா மகளுக்குப் பத்தாவதில் 462 மார்க். பின்கட்டு ஓடு மாத்தியாச்சு. நீ அனுப்பின பணத்தில்தான் மாத்தினேன், தெருவில் எல்லார்கிட்டயும் சொன்னேன். அடுப்படியில் நின்னவன் மகன் சிங்கப்பூரில் எஞ்சினியர்னு நாலு பேர் சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. ஆனா அதே மகன் மூணு வாரமா பாப்பாவைப் போனில் காட்டலை. கேட்டா தூங்குறான்னு சொல்றே. சாயங்காலம் ஆறு மணிக்கும் தூங்குறாளா? அம்மா அந்த வெள்ளிக் கொலுசை எடுத்துத் தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கிறா.

மிளகாய்த்தூள் விசயத்தை ஏன் இத்தனை தடவை எழுதுறேன்னு யோசிப்பே. எழுதிடுறேன். இதை அக்காகிட்டகூடச் சொன்னதில்லை.

நான் கடையில் போட்டது நல்ல தூள் இல்லை. மூட்டையில் வரும் லூஸ் தூள். விலை குறைவு, ஒரு கரண்டி போட்டா அண்டா முழுக்க ரத்தச் சிவப்பா எண்ணெய் மிதக்கும். முதலாளி வாங்கச் சொன்னார்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன், மூட்டையை அவிழ்த்து மோந்து பார்த்தது நான். வத்தல் வாசம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்தச் சால்னாவைத்தான் ராத்திரி தூக்குவாளியில் கொண்டுவந்து உங்களுக்குக் கொடுத்தேன். நீ பரோட்டாவைப் பிச்சுப் போட்டு ஊற வச்சுக் காத்திருப்பியே. அம்மா மட்டும் அதைத் தொட்டதே இல்லை, கவனிச்சிருக்கியா?

1997 சித்திரையில் ஒரு நாள் அவ என் துண்டை எடுத்துக்கிட்டு வந்தா. வெள்ளைத் துண்டு, ஓரத்தில் சால்னாக் கறை. "வீட்டு மிளகாய்க் கறை ரெண்டு வெயிலில் வெளுத்துப் போகும். இது அஞ்சு வெயில் காஞ்சும் போகலை. இதையா பிள்ளைகளுக்குக் கொடுக்குறீங்க?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. நான் தூக்குவாளியைத் தூக்கி அடிச்சேன். அவ மேல பட்டுச்சு. நெத்தி ஓரத்தில் இருக்கிற தழும்பு அம்மிக்கல்லில் விழுந்ததில்லை.

மறுநாள் உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு சாத்தூருக்குப் போயிட்டா. அம்மாச்சி காலை உடைச்சுக்கிட்டான்னு சொன்னது பொய். நீ கிணத்தில் நீச்சல் பழகினியே, அந்த லீவுதான். நாப்பத்தெட்டு நாள். கடையில் கேட்டவங்களுக்கும், என்னைப் பெத்த அப்பாவுக்குமே மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். சாத்தூர் இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான், போகலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். கடைச் சால்னாவை என்னாலயும் அதுக்கு மேல தொட முடியலை. வீட்டில் நானா ஒரு ஆளுக்கு வச்சுப் பார்த்தேன். தேங்காய் மசியலை. பத்து நிமிசத்தில் அடிப்பிடிச்சுது. இருபது வருசம் அண்டாவில் சால்னா காய்ச்சினவன், ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியாம அந்தச் சட்டி முன்னாடி உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கவும் அவளா வந்தா. நான் கூப்பிடப் போகலை. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு சொன்னதில்லை. அதோட அந்தத் தூளை நிறுத்திட்டேன்னு எழுத ஆசையாத்தான் இருக்கு. நிறுத்தலை. வீட்டுக்குத் தூக்குவாளி கொண்டுவர்றதை மட்டும் நிறுத்தினேன். ஊரான் பிள்ளைகளுக்கு அதையேதான் இன்னும் ரெண்டு வருசம் ஊத்தினேன். 2005-ல் டீக்கடையில் பேப்பர் படிச்சேன். இங்கிலாந்தில் மிளகாய்த்தூளில் சூடான்னு ஒரு சாயம், மெழுகுக்கும் பாலீஷுக்கும் போடுறது, கலந்திருந்ததாம். 400-க்கும் மேல சாமானைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தாங்களாம். எண்ணெயில் கரையும் சாயம்னு போட்டிருந்தான். எனக்கு அந்த அண்டாதான் கண்ணு முன்னால வந்துச்சு. நான் ஊத்தினதைத் திரும்ப எடுக்க எங்கே போவேன்?

உன்னை ஒண்ணும் கேட்கலை எய்யா. இருபத்தஞ்சு கிலோமீட்டர் போகாம இருந்தவனுக்குக் கேட்க வாயும் இல்லை. எங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் 2029 வரைக்கும் இருக்கு, அதைச் சொல்லி வைக்கிறேன்.

பொட்டலத்தில் வத்தல் தூள் சிவப்பு ரப்பர் பேண்டு, மல்லி பச்சை. மருமகளுக்குப் பிடிச்ச பருப்புப் பொடி தனியா ஒரு டப்பாவில் இருக்கு, அது அவளுக்கு மட்டும், நீ பிரிக்காதே, கொண்டுபோய்க் கொடுத்துரு. கைக்கு வந்ததும் போன் போடு. அம்மா தினம் ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போயிட்டு ஏழு மணிக்குத்தான் வருவா. உனக்கு அது ராத்திரி எட்டரை மணி. அப்பப் போடு, வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா