சுருக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக லோகோ வைத்துக்கொள்ள நினைக்கும் புகைப்படக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் வரைந்தது லென்ஸுக்குள் ஒளியை விடும் இதழ்த் துளை, நடுவில் என் பெயரின் முதல் எழுத்து 'இ', சுற்றிலும் மெல்லிய வளையம். பெரிய திரையில் பார்க்க அழகாகவே இருந்தது.

நண்பர் ஒருவர் அதை இணைய உலாவியின் தாவலில் தெரியும் குட்டிச் சின்னத்தின் அளவான 16 பிக்சலுக்குச் சுருக்கிக் காட்டினார். வளையத்தைக் காணோம். 'இ'யின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாக நின்றது. "லென்ஸ் படம் எல்லோரும்தான் போடுகிறார்கள், இதில் நீ எங்கே?" என்று கேட்டார் இன்னொருவர். இரண்டு நாள் மனசு ஆறவில்லை. ஆனால் கேள்வி சரியானது.

அப்புறம் லென்ஸை எடுத்துவிட்டேன். கோட்டைத் தடிப்பாக்கி, சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடத்தை நன்றாகத் திறந்தேன். வண்ணமும் வேண்டாமென்று முடிவு செய்தேன். படத்தின் மூலையில் வாட்டர்மார்க்காக வைக்கும்போது சின்னம் வெளிர் வானத்திலும் தெரிய வேண்டும், நிழலிலும் தெரிய வேண்டும். அதனால் கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. புள்ளிகளால் ஆன ஜேபெக் படக் கோப்பை விட்டுவிட்டு, எஸ்விஜி என்ற கோப்பு வகையில் மறுபடி வரைந்தேன். அது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படுவதால், பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிப்பதில்லை.

"நல்லா இருக்கு" என்றவர்களும் உண்டு. அவர்கள் அன்புக்கு நன்றி, ஆனால் ஒரு கோடுகூட அதனால் மாறவில்லை.

தமிழ் எழுத்தின் சுழிகளைச் சிறிய அளவில் எப்படிக் காப்பாற்றுவது என்று உங்கள் நாளிதழில் ஒரு வடிவமைப்பாளரை எழுதச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு புகைப்படக் கலைஞர்