ரெட் ஹில் தண்ணீருக்காக நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

இந்த மடல் போய்ச்சேர வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களிடம் சொல்ல வேண்டியதை அவர்கள் மொழியில் சொல்லியாயிற்று. ஆனால் “ஹவாயில் தண்ணீரில் பெட்ரோல் கலந்ததாமே, இப்போது சரியாகிவிட்டதா?” என்று ஊரிலிருந்து இன்னமும் கேட்கிறார்கள். நாங்கள் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் முழுமையாகும்.

நான் ஹோனலுலுவில் சால்ட் லேக் பகுதியில் குடியிருக்கிறேன். பக்கத்திலேயே ரெட் ஹில் மலைமுகடு. அதைக் குடைந்து, 1940 கடைசியில் தொடங்கி 1943-க்குள் அமெரிக்கக் கடற்படை 20 எரிபொருள் தொட்டிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம், 1.25 கோடி கேலன் கொள்ளும். துறைமுகத்தில் நிற்கும் அலோஹா கோபுரத்தையே ஒரு தொட்டிக்குள் இறக்கிவிடலாம். பசிபிக்கில் ஓடும் போர்க்கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எண்ணெய் இருப்பு இங்கேதான் இருந்தது. தொட்டிகளின் அடியிலிருந்து சுமார் 100 அடி கீழே எங்கள் குடிநீர். எரிமலைப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கிய மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. இன்று மலையில் பெய்யும் மழை அங்கே போய்ச்சேர ஏறக்குறைய 25 ஆண்டு ஆகும் என்பது குடிநீர் வாரியத்தின் கணக்கு. இது கெட்டால் ஹோனலுலுவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

2014 ஜனவரியில் ஐந்தாம் எண் தொட்டியிலிருந்து சுமார் 27,000 கேலன் ஜெட் எரிபொருள் கசிந்தது. அன்றிலிருந்தே ‘இதை மூடுங்கள்’ என்று சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஹவாய் கிளையினரும் ஹவாய் மண்ணின் மக்களும் கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினார்கள். ஆளுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். மணி அடித்ததும் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார வேண்டும். பிறகு எங்கள் ஒவாஹு தீவின் தண்ணீரைக் காக்கக் கூடிய ஒவாஹு வாட்டர் ப்ரொடெக்டர்ஸ் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். பயமுறுத்துகிறார்கள் என்று பெயர் வாங்கியதுதான் அவர்கள் கண்ட பலன். முதல் நன்றி அவர்களுக்கு.

2021 நவம்பர் 20 அன்று, சுரங்கத்துக்குள் ஓடும் வண்டி ஒன்று தீயணைப்பு வடிகால் குழாயின் வால்வில் மோதியது. அந்தக் குழாயில் எண்ணெய் இருக்கவே கூடாது. ஆனால் மே மாதம் நடந்த கசிவில் சுமார் 20,000 கேலன் அதற்குள் போய்த் தங்கியிருந்தது. அது கொட்டி, கடற்படையின் ரெட் ஹில் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. ஒரு வாரத்தில் படைக் குடியிருப்பு வீடுகளில் குழாயைத் திறந்தால் எண்ணெய் வாடை. அந்தக் குழாய்த் தொடரை நம்பியிருந்தவர்கள் 93,000 பேர். குடிக்கலாம் என்றுதான் முதலில் படைத் தளத்திலிருந்து பதில் வந்தது. அப்படியும் விடாமல் போன் மேல் போன் போட்டு, தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெய்ப் படலத்தைப் படமெடுத்து அனுப்பிய தாய்மார்களுக்கு நன்றி. கணவரோ மனைவியோ சீருடையில் இருக்கும்போது மேலிடத்தை எதிர்த்துப் பேசுவது லேசான காரியமில்லை.

அடுத்து எர்னி லாவ். ஹோனலுலு குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளராக அன்று இருந்தவர். நகரத்துத் தண்ணீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தந்த ஹாலாவா நீரேற்று நிலையத்தை டிசம்பர் 2 அன்று நிறுத்தினார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்று ஹாலாவா தண்ணீரில் எண்ணெய் இல்லை. ஆனால் கடற்படையின் ரெட் ஹில் கிணறும் நகரத்தின் ஹாலாவா கிணறும் ஒரே நிலத்தடி நீரில்தான் கால் வைத்திருக்கின்றன. ஹாலாவாவில் மோட்டார் ஓடினால் அந்த இழுப்பில் அழுக்கு எங்கள் பக்கம் நகரலாம். நகர்ந்த பிறகு தெரிந்து என்ன பயன்? சோதனை முடிவு வரட்டும், அறிக்கை வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் பக்கத்துக் கிணறுகளும் நின்றன. 2022 மார்ச்சில் தண்ணீர்ச் செலவில் பத்து சதவீதம் குறையுங்கள் என்று வாரியம் கேட்டது. முணுமுணுத்தவர்கள் உண்டு. எண்ணெய்த் தண்ணீர் வருவதைவிடத் தண்ணீர் குறைவாக வருவது எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி. அன்று அவர் எடுத்த முடிவால்தான் எங்கள் வீட்டுக் குழாயில் ஒருநாளும் வாடை வரவில்லை. அவருக்கும், மோட்டாரை நிறுத்திய கையோடு வேறு கிணறுகளிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்ட வாரிய ஊழியர்களுக்கும் என்ன சொன்னாலும் தகும்.

பத்திரிகையில் படம் வராதவர்கள் சிலர் இருக்கிறார்கள். குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்க் குழாய்களை அலசியவர்கள். தெருக்குழாயை முதலில் அலசி, பிறகு வீட்டுக்குள் சமையலறை, குளியலறை, தோட்டக்குழாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, வாட்டர் ஹீட்டரை வடித்து, ஃபிரிட்ஜ் ஃபில்டரைக் கழற்றிப் போட்டு, கடைசியில் சீசாவில் மாதிரி பிடித்துப் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்த வீட்டின் கணக்கு தப்பிவிடும். இப்படியே ஆயிரக்கணக்கான வீடுகள். டிசம்பர் முதல் வாரமே ரெட் ஹில் கிடங்கின் வேலையை நிறுத்தித் தொட்டிகளைக் காலிசெய்ய உத்தரவிட்ட மாநிலச் சுகாதாரத் துறைக்கும், குழாய்நீரைச் சோதித்துக் கொடுத்த ஹவாய் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் இதே வரிசையில் நன்றி.

கிணற்றைக் கழுவிய விதமும் சொல்லத் தக்கது. அழுக்கு பரவாமலிருக்க ரெட் ஹில் கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு 50 லட்சம் கேலன் வரை இறைத்து, பெரிய பெரிய கரித்தொட்டிகள் வழியாக வடித்து ஹாலாவா ஓடையில் விட்டார்கள். நம்மூரில் கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவதுபோல இங்கே ஆக்டிவேட்டட் கார்பன். நல்ல தண்ணீர் ஓடையில் போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. வேறு வழியும் இல்லை.

கடற்படைக்கு நன்றி சொல்வாயா என்று கேட்டார் ஒரு நண்பர். கிடங்கை அங்கே வைத்ததற்கும் இத்தனை காலம் மழுப்பியதற்கும் சொல்ல மாட்டேன். 2022 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் மூடச் சொன்ன பிறகு, பழைய குழாய்களைப் பழுது பார்த்து, 2023 அக்டோபரில் வடிக்கத் தொடங்கி, சுமார் 10.4 கோடி கேலனைப் பெரிய விபத்தில்லாமல் கப்பலேற்றிய படையினருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் மனமாரச் சொல்வேன். இடையில் 2022 நவம்பரில் 1,300 கேலன் தீயணைப்பு நுரைக் கரைசல் கொட்டி, மண்ணையே தோண்டி அள்ள வேண்டியிருந்தது. அதிலிருக்கும் பிஎஃப்ஏஎஸ் ரசாயனம் லேசில் சிதையாது. அந்த மண்ணை அள்ளியவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நீதிமன்றம் போன குடும்பங்களும் உண்டு. 2025 மே மாதத்தில், முதற்கட்டமாக 17 பேருக்குத் தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் சேர்த்துச் சுமார் 6,80,000 டாலர். பட்ட பாட்டுக்கு அது காணாது. ஆனாலும் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று ஊரறியக் கூண்டில் ஏறிச் சொன்னார்களே, அதற்கு நன்றி.

இப்போது சரியாகிவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். தொட்டிகளில் இருந்த எண்ணெய் போய்விட்டது. பாறை வெடிப்புகளுக்குள் இறங்கியது போகவில்லை. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறியத்தான் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, தண்ணீர் எடுத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பல ஆண்டுகள் அந்தக் கிணறுகளுக்குப் போய் மாதிரி எடுக்கப்போகிற, இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே ஒரு நன்றி.

இப்படிக்கு,
சால்ட் லேக்கில் குடியிருக்கும் ஒருத்தி