தடய அறிவியல் மாணவரின் உதவித்தொகை: உள்துறைக்கும் மானியக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மத்திய உள்துறை அமைச்சகத்துக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் வணக்கம்.

டெல்லியில் தடய அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இப்போது முனிர்க்காவில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறை. ஆங்கிலத்தில் மனு கொடுத்தாகிவிட்டது. இதைத் தமிழில் எழுதுவது, பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்பிவிட்டு "பணம் வந்துச்சாம்மா?" என்று மாதாமாதம் போனில் கேட்கிற பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான்.

என் வேலை ஈக்களோடு. ஒருவர் இறந்ததும் உடலைத் தேடி முதலில் வருகிறவற்றில் ஒன்று, பச்சையும் நீலமுமாக மினுங்கும் பெரிய ஈ. அது இடும் முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகும். எந்த நிலையில், எவ்வளவு நீளத்தில் புழு கிடைக்கிறது என்பதை வைத்து, இறந்து எத்தனை நாளாகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். ஆனால் அந்தக் கணக்கு வெப்பத்தைப் பொறுத்தது. மே மாத டெல்லியில் சில நாளில் முடிகிற வளர்ச்சி ஜனவரிக் குளிரில் இழுத்துக்கொண்டே போகும். ஐரோப்பாவில் வேறு இன ஈயை வளர்த்துப் போட்ட அட்டவணையை இங்கே கொண்டுவந்து வைத்தால் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிஷம் நிற்காது. நிற்கவும் கூடாது, ஒருவருடைய ஆயுள் தண்டனை அதில் இருக்கிறது. இந்த ஊர் ஈயை இந்த ஊர் வெயிலிலும் குளிரிலும் யாராவது உட்கார்ந்து அளந்தே ஆக வேண்டும்.

அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் நான் ஒருத்தி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஆட்டு ஈரல் வாங்கி வந்து, ஈக்களை அதில் முட்டையிட விடுவேன். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுராத்திரி உட்பட, சில புழுக்களை எடுத்து வெந்நீரில் போட்டு, ஆல்கஹாலுக்கு மாற்றி, நுண்ணோக்கியில் நீளம் பார்த்து நோட்டில் எழுதுவேன். ஒரு வேளை தவறினால் அந்தக் கட்டம் காலி. விட்டதைப் பிறகு நிரப்ப வழியே கிடையாது.

போன குளிர்காலத்தில் என் உதவித்தொகை நாலு மாதம் வரவில்லை. முன்பு தந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவில்லை என்றது ஒரு மேசை, போய்விட்டது என்றது அடுத்த மேசை. வாடகை கொடுக்க வேண்டுமே! ஆர்.கே.புரத்தில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்தேன். அதனால் மாலை ஆறு மணிக்கு எடுக்க வேண்டிய அளவு பதினோரு நாளுக்கு இல்லை. என் ஜனவரி அட்டவணையைத் திறந்தால் பதினோரு கட்டங்கள் வெறுமையாக இருக்கும்.

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்தவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. நியாயமான உயர்வு, மகிழ்ச்சி. அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த என்னைப் போன்றவருக்கு 8,000. 2015-இல் அதையும் நிறுத்தப்போவதாகச் சொன்னபோது மாணவர்கள் டெல்லி ஐ.டி.ஓ. சந்திப்புப் பக்கம் மானியக் குழு அலுவலக வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்து காப்பாற்றினார்கள். அன்றைக்கும் 8,000தான். ஈரலும் ஆல்கஹாலும் எனக்கு அதிலிருந்துதான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய நிபுணர் நேரில் போக வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். நல்ல சட்டம், மனமார வரவேற்கிறேன். அதே ஆண்டு ஜூனில் தடய அறிவியல் கட்டமைப்புக்கு 2,254.43 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வளாகங்கள் எழும்பும், கருவிகள் வரும். சரி, கருவி தருகிற எண்ணை எதோடு ஒப்பிடுவது? அந்த ஒப்பீட்டு அட்டவணையைத் தயாரிக்கிறவர்கள் ஆய்வு மாணவர்கள்.

இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. சென்னையில் 1849-இல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துண்டுகளை வைத்து, இடுப்பில் கட்டிய வெடிகுண்டு என்று விளக்கிக் காட்டியவர் தமிழகத் தடய அறிவியல் துறையின் பேராசிரியர் பி. சந்திரசேகரன். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

கேட்பது இதுதான். தடய அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கென்று, ஜே.ஆர்.எஃப். அளவுக்கு, தனி உதவித்தொகை வேண்டும். உள்துறையும் மானியக் குழுவும் சேர்ந்து தரலாம். ஆய்வகச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கச் சொல்லாமல் வேறாகக் கொடுங்கள். எல்லாவற்றையும்விட, அந்தந்த மாதப் பணம் அந்தந்த மாதம் கணக்கில் விழ வேண்டும்; சான்றிதழ் தாமதமானால் அலுவலகங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும், மாணவரின் பணத்தை நிறுத்த வேண்டாம்.

வரும் ஜனவரியில் முட்டையிலிருந்து மறுபடி தொடங்கி அந்தப் பதினோரு நாளையும் அளக்கப் போகிறேன். அதற்குள் இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி
முனிர்க்கா, புது டெல்லி